வாளேந்திய மந்திரவாதி: ஒரு பாத்திரப் படைப்பு ஆராய்ச்சி

பாத்திரப் படைப்பென்பது நாவலாசிரியர்க்கும் நாடகாசிரியர்க்குமே உரிய தொழில் என்று நெடுங்காலம் நம்பப்பட்டு வந்தது. நூலைப் படிப்போரும் நாடகத்தைப் பார்ப்போரும் பிறர் படைத்த மாந்தரைக் கண்டு மகிழலாம், அழலாம், ஏசவும் செய்யலாம். ஆயின், தாமே ஒருவனைப் படைத்து, அவனாக நின்று பேசி, அவன் செய்கையின் பயனைத் தாமே நுகரும் உரிமை அவர்க்கு இல்லாதிருந்தது. 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அச்சேறிய ஒரு விளையாட்டு அவ்வுரிமையைச் சாதாரண மக்களின் கையில் கொடுத்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் இயற்றிய அவ்விளையாட்டின் பெயர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்பது.

அதனை அறியாதார்க்கு ஒரு சொல். நால்வர் ஐவர் ஒரு மேசையைச் சுற்றி அமர்கின்றனர். அவருள் ஒருவர் கதை நடத்துவோர். நாட்டையும் நகரையும் பகைவரையும் பாமரரையும் அவரே எடுத்துரைப்பார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, 'நான் கதவைத் தள்ளுகிறேன்', 'நான் வாளை உருவுகிறேன்' என்று சொல்லிக் கதையை நடத்திச் செல்வர். எடுத்த காரியம் முடியுமோ முடியாதோ என்னும் ஐயம் எழுமிடத்து இருபது முகமுள்ள பகடையொன்றை உருட்டி முடிவு காண்பர். தாளும் பென்சிலும் பகடையும் இருந்தாற் போதும்; மற்றவை எல்லாம் கற்பனை.

விளையாட்டை இலக்கியப் பகுதியில் ஆராய்வதேன் என்று நேயர்கள் வினவக்கூடும். ஆட்டம் தொடங்குமுன் ஒவ்வொருவரும் தாம் ஏற்கும் பாத்திரத்தை ஆக்கியாக வேண்டும். அவன் எவன், எதில் வல்லவன், எதில் மெலிந்தவன், எங்கிருந்து வந்தவன் என்பனவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதியாக வேண்டும். அத்தாள் ஒரு சிறு இலக்கியமே. நல்ல இலக்கியத்துக்கும் போலி இலக்கியத்துக்கும் உள்ள வேறுபாடு அதிலும் உண்டு. ஆகவே அது விமரிசனத்துக்கு உரிய பொருளே என்பது என் துணிபு.

இப்பாத்திரங்களுள் இளைஞர் பலர் பெரிதும் விரும்புவது ஒன்று. ஓசையின்றி மறைந்து செல்வான்; வாள் கொண்டு பொருவான்; மந்திரமும் அறிவான். விக்கிரமாதித்தன் கதை கேட்டு வளர்ந்த நமக்கு இஃதொரு வியப்பன்று. மாறுவேடம் பூண்டு நகர்ச்சோதனை செல்லும் அரசனிடம் வாளும் இருந்தது. கூடுவிட்டுக் கூடு பாயும் வித்தையும் இருந்தது. ஆயின் இவ்விளையாட்டின் விதிகளோ இம்மூன்றையும் ஒருவன் கையில் எளிதில் கொடுப்பதில்லை. கொடுக்காதது சரியா, தவறா? கொடுக்குமிடத்து என்ன விலை கேட்கிறது? அவ்விலை நியாயமானதா? இவையே இங்கு ஆராயப்படுவன.

முதற்கண் இப்பாத்திரத்தின் தோற்றுவாயைக் காண்போம். 1939இல் 'அன்நோன்' என்னும் அமெரிக்கச் சஞ்சிகையில் ஃபிரிட்ஸ் லைபர் என்பார் எழுதிய கதையொன்று வெளிவந்தது. அதில் இரு நண்பர் தோன்றினர். ஒருவன் ஃபாஃபர்ட் என்னும் வடநாட்டு நெடியோன். மற்றவன் கிரே மௌசர் என்னும் குறுகிய உருவத்தான். இம்மௌசர் கள்வன், இணையற்ற வாள்வீரன். 1962இல் லைபர் எழுதிய மற்றொரு கதை, அவன் இளமையில் கிளாவஸ் ரோ என்னும் எளிய மந்திரவாதியிடம் மாணாக்கனாயிருந்த வரலாற்றைக் கூறிற்று. இவ்வாறு மறைவும் வாளும் மந்திரமும் ஒருவனிடமே கூடின.

கூடிய விதந்தான் கவனிக்கத்தக்கது. மௌசர் மந்திரத்தில் கரைகண்டவன் அல்லன். அரைகுறைக் கல்வியோடு நின்றவன். வாளில் உள்ள திறம் அவனுக்கு மந்திரத்தில் இல்லை. இல்லையென்பதை அவன் ஒப்புக்கொள்வதுமில்லை. இக்குறையும் இச்செருக்குமே அவனை ஒரு மனிதனாக்குகின்றன. மூன்று வித்தையிலும் அவனை முதல்வனாக்கியிருந்தால் லைபரின் கதைகள் இரண்டாம் முறை படிக்கத் தகாதனவாய் முடிந்திருக்கும்.

இனி விளையாட்டைப் பார்ப்போம். கைகாக்ஸ் லைபரை நன்கு கற்றவர். 1979இல் தாம் வெளியிட்ட கதை நடத்துவோர் நூலின் இறுதியில், தமக்கு ஊக்கமளித்த ஆசிரியர்களின் பட்டியலில் லைபரின் பெயரையும் எழுதியுளார். ஆயினும் அவ்விளையாட்டு, மௌசர் ஒருவனிடம் கூடியிருந்த மூன்றையும் பிரித்து மூவர்க்குப் பங்கிட்டது. 1974ஆம் ஆண்டு நூலில் வாளெல்லாம் போர்வீரனுக்கு. மந்திரவாதிக்குக் குத்துவாள் ஒன்றே ஆயுதம். மறைந்து செல்லும் கள்வன் அப்போது தனித்தொழிலாய் இல்லை. 1975இல் வெளிவந்த துணைநூலில் வந்து சேர்ந்தான். மேசையைச் சுற்றி நால்வர் இருக்குமிடத்து ஒருவனே யாவும் செய்வானாயின் ஏனைய மூவர்க்கு வேலையேது? ஆகவே தொழிற்பங்கீட்டில் ஒரு நியாயம் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. 1980இல் கடவுளர்க்கும் வீரர்க்கும் கணக்கெழுதி ஒரு நூல் வந்தபோது மௌசரையும் அதில் சேர்த்தனர். அவனுக்கு மூன்று தொழில்களையும் எழுதவேண்டியதாயிற்று. தாம் வகுத்த பெட்டிகளுள் தமக்கு ஊக்கமளித்தவனே அடங்கவில்லை என்பது இதனால் விளங்கும்.

நிற்க. இப்பங்கீட்டில் ஒரு விலக்கு இருந்தது. அவ்விலக்கில்தான் நாம் கருத்தைச் செலுத்தவேண்டும்.

எல்ஃப் என்பார் மேனாட்டுக் கதைகளில் வரும் நெடுவாழ்வினர். மனிதரினும் வேறாகிய இனத்தார். 1974ஆம் ஆண்டு நூலின்படி எல்ஃப் இனத்தான் ஒரு பயணத்தில் போர்வீரனாகவும் மறு பயணத்தில் மந்திரவாதியாகவும் மாறிமாறிச் செல்லலாம். வாளும் மந்திரமும் ஒருங்கே பெறும் வாயில் பிறப்பினால் திறந்தது. அதே பிறப்பு மற்றொரு வாயிலை அடைத்தது: எல்ஃப் போர்த்தொழிலில் 4ஆம் படிக்கு மேலும், மந்திரத் தொழிலில் 8ஆம் படிக்கு மேலும் ஏறலாகாது. குள்ளர் இனத்தார்க்கோ போர்த்தொழில் ஒன்றே விதி. அதிலும் 6ஆம் படியே எல்லை. இன்ன குலத்தில் பிறந்தோன் இன்ன தொழிலையே செய்க, இன்ன உயரம் வரையே வளர்க என்னும் கட்டளை நமக்குப் புதியதன்று. கடல் கடந்து வந்த நம் முன்னோர், மூட்டை முடிச்சுகளோடு அதனையும் அல்லவா கப்பலேற்றிக் கொண்டுவந்தனர்!

1990களின் தொடக்கத்தில் எல்ஃப் இனத்தாரைப் பற்றி எழுந்த நூலொன்றில் பிளேட்சிங்கர் என்னும் வகையினர் தோன்றினர். வாட்பாடகர் என நாம் அழைக்கலாம். ஒரு கையில் வாளும் மறு கையில் மந்திரமுமாக, நடனம்போலச் சுழன்று பொரும் இக்கலை எல்ஃப் குலத்துக்கே உரியதென வரையறுக்கப்பட்டது. 2000இல் வெளியான மூன்றாம் பதிப்பு, குலத்தைக் காட்டித் தொழிலையும் படியையும் தடுத்த பொதுவிதிகளை நீக்கிவிட்டது. ஆயினும் வாட்பாடகர் கலையின் வாசலில் மட்டும் காவலன் நின்றுகொண்டே இருந்தான். 2015இல் ஐந்தாம் பதிப்புக்காக வந்த நூலும், எல்ஃபும் எல்ஃப் கலப்பினரும் அன்றிப் பிறர் இதனைக் கற்றல் ஆகாது என்றே கூறிற்று. கதை நடத்துவோர் விரும்பினால் தடையைத் தளர்த்தலாம் என்றொரு சலுகை உடன் இருந்தது. சலுகை வேறு, உரிமை வேறு என்பதை நேயர்கட்கு நான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 2020இல் வெளியான 'டாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங்' என்னும் நூலில் அத்தடை முற்றும் ஒழிந்தது. 2024இல் திருத்தப்பெற்ற ஆட்டக்காரர் நூல் இன்னும் ஒரு படி சென்றது. அதுவரை பிறந்த இனத்தோடு ஒட்டிவந்த பண்புக்கூடுதலைப் பாத்திரத்தின் முன்வாழ்க்கையோடு சேர்த்து எழுதிற்று. 'எக்குலத்தில் பிறந்தான்' என்ற இடத்தில் 'எவ்வாறு வாழ்ந்தான்' என்னும் கேள்வி வந்து அமர்ந்தது.

இத்தடை ஒழிந்ததனால் கலையின் அருமை குறைந்துவிட்டதெனப் புலம்புவோரும் உளர். எல்லார்க்கும் கிட்டும் வித்தைக்கு மதிப்பேது என்பது அவர் வாதம். இங்கு இருவகை வரம்புகளைப் பிரித்தறிதல் வேண்டும். கற்பவன் செலுத்தும் விலையால் வரும் வரம்பு ஒன்று. கற்க வந்தவனைப் பிறப்புக் கேட்டு விரட்டும் வரம்பு மற்றொன்று. முன்னது கலையைக் காப்பது. பின்னது கலையைக் காப்பவர் எனத் தம்மைச் சொல்லிக்கொள்வோரின் செருக்கைக் காப்பது. வித்தைக்கு விலையாக இரவுத் தூக்கத்தைக் கேட்பது வேறு. ஏகலைவனிடம் கட்டைவிரலைக் கேட்பது வேறு. விளையாட்டு விதிகள் பின்னதை ஒழித்து முன்னதை வைத்துக்கொண்டன. அவ்வளவில் அவை பாராட்டுக்குரியன.

இக்கூற்றை வெறுஞ்சொல்லாக விடாமல் ஒரு பாத்திரத்தை ஆக்கிக் காட்டுவேன். 2014ஆம் ஆண்டு ஐந்தாம் பதிப்பின் விதிகளையும், வாட்பாடகர்க்கு 2020ஆம் ஆண்டு நூலையும் தழுவியது என் கணக்கு.

இவன் மனிதன், எல்ஃப் அல்லன். மந்திரக் கல்லூரியொன்றின் நூலகத்தில் தரை துடைத்தவன். மாணவர் பாடஞ் சொல்லும்போது சுவரோரம் நின்று கேட்டான். அவர் உறங்கியபின் விளக்கைத் தாழ்த்திவைத்து ஏடுகளைப் புரட்டினான். வாட்பயிற்சிக் கூடத்தைத் துடைக்கும்போது அடிவைப்புகளைக் கண்ணால் களவு செய்தான். கையில் துடைப்பத்தோடு செல்பவனை எவரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. மறைந்து செல்லும் வித்தையை அவன் அங்ஙனமே கற்றான். மூன்று வித்தைகளும் ஒரே வாழ்க்கையிலிருந்து முளைத்திருப்பதைக் காண்க. மூன்று பாத்திரங்களைத் தைத்து ஒட்டிய பொம்மைக்கும் உயிருள்ள ஒருவனுக்கும் இதுவே வேற்றுமை.

இனிக் கணக்கு. பலம், லாகவம், உடலுறுதி, அறிவு, விவேகம், வசீகரம் என்னும் ஆறு பண்புகளை வாங்க 27 புள்ளிகள் தரப்படும். தோட்டத்து ஆபீசில் செக்ரோல் எழுதும் எனக்கு இப்பகுதி மிகவும் உவப்பானது. வரவு இவ்வளவே, செலவு அதற்குள் அடங்கவேண்டும். லாகவத்துக்கு 15, விலை 9. அறிவுக்கு 15, விலை 9. உடலுறுதிக்கு 13, விலை 5. விவேகத்துக்கும் வசீகரத்துக்கும் பப்பத்து, விலை இரண்டிரண்டு. பலத்துக்கு 8, விலையில்லை. கூட்டினால் 27. மனிதனாதலின் ஒவ்வொன்றுக்கும் ஒன்று கூடும். லாகவம் 16, அறிவு 16, உடலுறுதி 14, விவேகமும் வசீகரமும் 11, பலம் 9. பலமில்லாதவன் எங்ஙனம் வாள் வீசுவான் எனின், மெல்லிய குத்துவீச்சு வாளான ரேப்பியர் போன்றவற்றுக்குப் பலத்துக்குப் பதில் லாகவத்தையே கணக்கிடலாம் என்பது விதி. ஓசையின்றி நடத்தலும் லாகவத்தையே சார்ந்தது. ஆகவே வாளும் மறைவும் ஒரே முதலில் நடக்கும் இரு வியாபாரங்கள். மந்திரத்துக்கு அறிவென்னும் வேறு முதல் வேண்டும்.

இரண்டாம் படியில் அவன் வாட்பாடகர் மரபைத் தெரிந்துகொள்கிறான். மூன்றாம் படியில் அவன் நிலையைப் பார்ப்போம். பகைவன் வெட்டு அவன்மேல் படவேண்டுமாயின் எட்டவேண்டிய எண்ணைக் காப்பெண் என்போம். கவச மந்திரம் செய்துகொண்டால் 13உடன் லாகவத்தின் 3 சேர்ந்து 16. வாட்பாட்டைத் தொடங்கினால் அறிவின் 3 கூடி 19. ஆபத்தில் கேடய மந்திரத்தை உச்சரித்தால் அடுத்த முறை வரும்வரை மேலும் 5, ஆக 24. இரும்புக்கவசம் அணிந்த வீரனுக்கும் கிட்டாத காப்பு இது. இதைக் கண்டு மயங்கித்தான் பலரும் இப்பாத்திரத்தை நாடுகின்றனர்.

ஆயின் விலைச்சீட்டைப் படியுங்கள். வாட்பாட்டு ஒரு நிமிஷமே நீடிக்கும். மூன்றாம் படியில் நாளொன்றுக்கு இரு முறையே இயலும். அவன் உயிர்ப்புள்ளி 20. அதே உடலுறுதியுள்ள போர்வீரனுக்கு 28. காப்புக் குலைந்தால் இரண்டு மூன்று வெட்டில் விழுவான். கனத்த கவசமோ நடுத்தரக் கவசமோ கேடயமோ தரித்தால் பாட்டு நின்றுவிடும். மந்திரத்துக்குரிய முத்திரைகளைக் காட்ட ஒரு கை எப்போதும் வெறுங்கையாக இருத்தல் வேண்டும். மற்றவர் கேடயம் பிடிக்கும் இடத்தில் இவன் வெறுங்கையை நீட்டிக்கொண்டு நிற்கிறான்; அவன் கற்ற கல்வியே அவனுக்குக் கேடயம்.

மறைவுக்கும் விலையுண்டு. மந்திரவாதிக்கென்று விதிநூல் தரும் பயிற்சிப் பட்டியலில் மறைந்து செல்லல் இல்லை. முன்வாழ்க்கையின் வாயிலாகவே அதனைப் பெறவேண்டும். பெற்றால் மூன்றாம் படியில் பகடையோடு 5 கூடும். சாதாரணக் காவலன் ஒருவனின் கவனிப்பெண் 12. அதை எட்டினாற் போதுமெனக் கொண்டால், 7 முதல் 20 வரை எம்முகம் விழினும் வெற்றி, இருபதில் பதினான்கு. நல்ல வாய்ப்பே, ஆனால் மூன்றுமுறை சென்றால் ஒருமுறையேனும் அகப்படுதல் இயல்பு.

இதனினும் பெரிய முரண் மந்திரத்துக்குள்ளேயே இருக்கிறது. மறைந்தவனுக்கு மௌனம் வேண்டும்; மந்திரத்துக்கோ வாய்ச்சொல் வேண்டும். உருக்கரந்து போகும் மந்திரமும் உச்சரித்தே செய்யப்படுவது. அது ஒரு மணிநேரம் வரை நிற்கும். ஆயின் உருக்கரந்தவன் யாரையேனும் தாக்கினாலும் வேறு மந்திரம் சொன்னாலும் அக்கணமே கலைந்துவிடும். எனவே மறைந்திருக்கும்வரை அவன் வாளற்றவன், வாளெடுத்தால் மறைவற்றவன். வித்தைகள் மூன்றையும் ஒருங்கே பெற்றவன் அவற்றை ஒருங்கே பயன்படுத்த இயலாது! ஒவ்வொரு கணமும் இரண்டை விட்டு ஒன்றைப் பற்றவேண்டும். இந்நெருக்கடியே இப்பாத்திரத்தின் நாடகம். இதனைக் குறையெனக் கொண்டு விதியைத் திருத்தித் தரும்படி கேட்போர், தம் பாத்திரத்தின் உயிர்நிலையை அறுத்தெறியக் கேட்கின்றனர்.

மனிதனாகப் பிறந்ததற்கும் இங்கு ஒரு கூலி கொடுத்தாக வேண்டும். எல்ஃப் இனத்தார்க்கு இருளில் 60 அடி தூரம் கண் தெரியும். நம் துடைப்பக்காரனுக்குத் தெரியாது. பந்தம் கொளுத்தினால் பகைவர் காண்பர். இருட்பார்வை மந்திரம் எட்டு மணிநேரம் நிற்கும். ஆனால் அஃது இரண்டாம் தரத்தது. மூன்றாம் படியில் இரண்டாம் தர மந்திரங்களுக்கு உள்ள இடங்கள் இரண்டே. ஒன்றை இருளுக்குக் கொடுத்தால், உருக்கரத்தலோ, 30 அடி தாவி மறையும் மூடுபனி அடியோ, இரண்டில் ஒன்றுக்கே இடமிருக்கும். பிறவியிலேயே பிறர் பெற்றதை இவன் நாள்தோறும் விலைகொடுத்து வாங்குகிறான். இதனை அநீதி என்பீரோ? பிறப்பின் பேறு ஒருவனுக்கு முன்னே கொஞ்சம் வெளிச்சம் காட்டலாம், கதவையே மூடிவிடலாகாது. கதவு திறந்திருக்குமாயின் வெளிச்சத்தைத் தேடிக்கொள்ள அவனால் முடியும்.

வேறு வழிகளும் உள. கள்வன் தொழிலில் மூன்றாம் படி ஏறினால் 'ஆர்கேன் டிரிக்ஸ்டர்' என்னும் கிளையைத் தெரிந்து, முதன்மை மறைவும் துணைமை மந்திரமுமாக வாழலாம். எதிர்பாராமற் குத்தும் வித்தை அவனுக்கு உண்டு. கண்ணுக்குத் தெரியாத மாயக்கையால் பூட்டைத் திறக்கவும் வல்லன். ஆயின் மந்திரத்தில் நான்காம் தரத்துக்கு மேல் அவன் என்றும் ஏறான். லைபரின் மௌசரைத் தேடுவோர்க்கு இதுவே நெருங்கிய வழி. அன்றி, மந்திரவாதியே கள்வன் தொழிலில் ஒரு படி கற்கலாம். லாகவமும் அறிவும் பதின்மூன்றுக்குக் குறையாதிருத்தல் வேண்டும். ஆயின் ஐந்தாம் படியில் கிட்டவேண்டிய மூன்றாம் தர மந்திரம் ஆறாம் படிக்கும், ஆறாம் படியில் வரவேண்டிய இரட்டை வெட்டு ஏழாம் படிக்கும் தள்ளிப்போகும். வாட்பாடகன், மாயக்கள்வன், இருதொழிலன் ஆகிய மூவரில் எவன் சிறந்தவன் என்று வாதிடுவது வீண். எதை இழக்க மனம் ஒப்புகிறான் என்பதைக் கேட்டறிந்தால் எவன் என்பது தானே விளங்கும்.

விதிநூலைப் பாராட்டிய நான் அதன்மீது ஒரு குறையும் கூறவேண்டும். மறைந்து செல்லும் பயிற்சியைத் தரும் முன்வாழ்க்கைகளாக 2014ஆம் ஆண்டு ஆட்டக்காரர் நூல் முன்னே நிறுத்துவன குற்றவாளி, தெருப்பிள்ளை போன்றவை. விரும்பியதை மாற்றி எழுதிக்கொள்ளலாம் என்று நூலே இடந்தருகிறது, உண்மைதான். ஆயினும் முதலிற் காட்டும் உதாரணமே பலர் மனத்திற் பதியும். ஒளிந்து நடப்பவன் களவுக்கே ஒளிகிறான் என்று ஏன் கொள்ளவேண்டும்? பெரிய வீடுகளில் தட்டேந்தி நின்றோர், முதலாளி பேசும்போது நாற்காலிக்குப் பின்னே அசையாது நின்றோர், எழுத்தறியக் கூடாதென விலக்கப்பட்டும் இரவில் எழுத்துக் கூட்டிப் படித்தோர், இவரெல்லாம் மறைந்து நடக்கக் கற்றவரே. பிறரால் காணப்படாமல் வாழ நேர்ந்தோரின் வித்தை அது. அதனைக் கள்வனின் சொத்தாக மட்டும் எழுதுவது, பார்க்கத் தவறிய கண்களின் குற்றத்தைப் பார்க்கப்படாதவன் தலையில் சுமத்துவதாகும். ஆகவேதான் நம் பாத்திரத்தின் முன்வாழ்க்கையில் குற்றத்தை எழுதாமல் ஊழியத்தை எழுதினேன்.

இனி மேசையில் நிகழும் பிழைகள் இரண்டைச் சுட்டுவேன். முதலாவது, தனிமைச் செருக்கு. மறைந்து செல்ல வல்லவன் தோழரை விட்டுத் தானே முன்னே போய்த் தானே உளவறிந்து தானே பொருது மீள விரும்புகிறான். அரைமணி நேரம் கதை நடத்துவோரும் அவனும் மட்டுமே பேசிக்கொண்டிருக்க, ஏனையோர் பகடையை வெறுமனே உருட்டிக்கொண்டு அமர்ந்திருப்பர். காணாமற் போவதையே வித்தையாகக் கொண்டவன் முடிவில் கதையிலிருந்தே காணாமற் போகிறான். இதற்கு விதிநூலே மருந்து கூறுகிறது. கூட்டமாகச் செல்லும்போது யாவரும் பகடை உருட்ட, பாதிப்பேர் வென்றால் கூட்டம் முழுதும் வென்றதாகக் கொள்ளலாம். சங்கிலிக்கவசம் குலுங்க வரும் போர்வீரன் தோற்றாலும், ஓசையின்றி நடக்கும் நம்மவன் வென்றால் அவ்வெற்றி தோழனின் தோல்வியை ஈடுசெய்யும். தன் திறமையால் தன்னை மட்டும் மறைத்துக்கொள்வது சிறுமை. தோழரையும் மறைத்து அழைத்துச் செல்வதே பெருமை.

இரண்டாவது, பார்த்தெழுதும் வழக்கம். எந்தப் பண்புக்கு எத்தனை, எந்தப் படியில் எந்த மந்திரம் என்று எவரோ எழுதிவைத்த அட்டவணையை அப்படியே தம் தாளில் இறக்கிக்கொள்வோர் மிகுந்துவிட்டனர். கணக்கு அதில் பிழையின்றியே இருக்கும், மனிதன் இருக்கமாட்டான். 'உன் பாத்திரம் முதன்முதலாக யாரிடமிருந்து மறைந்தான்?' என்று கேளுங்கள், விடை வராது. 'வாளை எங்கே கற்றான், யார் தடுத்தார்?' என்று கேளுங்கள்; அறியான். காப்பெண் 24 என்பதை மட்டும் ஒப்பிப்பான். செக்ரோலில் பெயரும் நாளும் கூலியும் இருக்கும். அந்தப் பெயர்க்காரன் இரவில் எந்தப் பாட்டைப் பாடினான் என்பது இராது. செக்ரோலுக்கு அது தேவையில்லை. பாத்திரத் தாளுக்குத் தேவை. கணக்கைக் கற்பனையின் வேலைக்காரனாக வைத்துக்கொள்வதே முறை.

நேயர்களே, பொழுதுபோக்குக்கு இவ்வளவு ஆராய்ச்சி மிகையென்று சிலர் நகைக்கலாம். பால்வெட்டுக்காரன் மகன் பால்வெட்டுக்காரனே, கிராணி மகன் கிராணியே என்று எண்ணும் வழக்கம் நம்மிடை இன்னும் முழுதும் மாய்ந்துவிடவில்லை. ஒருவனுக்கு ஒரு பத்தி. அப்பத்திக்குள் அவன் பெயர். அத்தோடு அவன் கதை முடிந்தது என்பது நம் சமூகத்தின் பழைய கணக்கு. அப்பத்தியைத் தாண்டி, ஏடறிந்தவனாகவும் கையில் திறமுடையவனாகவும் தன்னை எண்ணிப் பார்க்க ஓர் இளைஞனுக்கு ஒரு மேசையும் ஒரு தாளும் இடந்தருமாயின், அவ்விடத்தை நாம் ஏளனம் செய்யலாகாது. அதே வேளையில், யாவும் இலவசமாய்க் கிடைக்கும் வீண்கனவை அங்கு வளர்க்கவும் கூடாது. எண்ணுதற்கு உரிமை யாவர்க்கும் உண்டு; எண்ணியதை அடைய விலை உண்டு. இரண்டையும் ஒரே தாளில் கற்பிக்க வல்லது இப்பாத்திரப் படைப்பு.

ஆதலின், அடுத்தமுறை பாத்திரத் தாளை எடுக்கும் இளைஞரிடம் நான் வேண்டுவது சிறிதே. வாளின் பெயரை எழுதுமுன் அதை ஏந்தும் கை அதற்குமுன் என்ன ஏந்தியிருந்தது என்பதை எழுதுங்கள். மந்திரங்களை அடுக்குமுன் முதல் மந்திரத்தை அவன் யார் ஏட்டிலிருந்து படித்தான் என்பதை எழுதுங்கள். மறைவுக்குரிய எண்ணைக் குறிக்குமுன் யார் கண்ணுக்கு அவன் தென்படாதிருந்தான் என்பதை எழுதுங்கள். மூன்றுக்கும் விடை கிடைத்தபின் 27 புள்ளிகளைச் செலவிடத் தொடங்குங்கள். புள்ளி போதாமல் கை தயங்குமிடத்தில்தான் அவன் உயிர் பெறுவான்.